இடம் பிடித்த கை

குடிசை மாற்றுக் குடியிருப்பின் 'எம்' பிளாக் வாசலில் விடிந்ததுமே பேனர் ஏறிவிட்டது. அதில் அபிநயாவின் முகம் நிஜத்தைவிட இரண்டு சுற்று வெளுப்பாக இருந்தது. பக்கத்தில் கைகூப்பி நின்ற கவுன்சிலரின் முகம் அவளுடையதைவிடப் பெரிதாக இருந்தது. கீழே 'மாநிலத்தின் முதல் மூளை எங்கள் பிளாக்கில்' என்று எழுதியிருந்தார்கள். மேளக்காரர்கள் இருவர் மேளத்தை இறக்கிவைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் கண்ணில் பட்டதும் அடிக்கச் சொல்லி உத்தரவு.

சுகந்தி பேனரை நிமிர்ந்து பார்க்காமல் படியேறினாள். லிஃப்ட் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. எட்டாவது மாடி போய்ச் சேர்வதற்குள் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். பாதி வழியில் அடுக்கு கலைந்தது. மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். அவள் சுபாவம் அது. சின்னக் கூட்டலைக்கூட மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். இரண்டு விடையும் ஒத்துப்போனால், இரண்டு தடவையும் ஒரே தப்பைச் செய்திருக்கலாமே என்று கவலைப்படுவாள்.

கஸ்தூரி மகள் அபிநயாவின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். ஐ.டி. கம்பெனியில் துடைக்கும் வேலைக்குப் போகிறவள் இன்று லீவு சொல்லியிருந்தாள்.

"கஸ்தூரிக்கா, அந்த ஆளு வர்றதுக்குள்ள ஒண்ணு பேசணும்."

"நீ இன்னா பேசுவேன்னு எனக்குத் தெரியும். பேசாத."

"பட்டைய அவ மட்டும் கட்டல. அஞ்சு பேர் கையில போச்சு. அதை வெச்சுத்தான் அந்த மெஷின..."

"சுகந்தி." கஸ்தூரி பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது. "ஆத்தங்கரையில குடிசையப் பிரிச்சு நம்மள இங்க கொண்டாந்து கொட்டினப்ப உனக்கு இன்னா ஆச்சு? காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறிப் போவ முடியாம நின்ன. இன்னைக்கு பகல்ல பார்சலுக்கு டேப் ஒட்டற, சாயங்காலம் பசங்களுக்குச் சொல்லித் தர்ற. எம் பொண்ணும் டேப் ஒட்டணுமா? வாய மூடிக்கினு கீழ போ. கையெழுத்துப் போடச் சொன்னா போடு."

சுகந்தியிடம் அடுக்கிவைத்த வாக்கியங்கள் இன்னும் இரண்டு மிச்சம் இருந்தன. அவற்றோடு இறங்கி வந்தாள்.

நடந்தது இதுதான். குடியிருப்புகளில் மறைந்து கிடக்கும் அறிவாளிப் பிள்ளைகளைக் கண்டெடுக்க ஒரு திட்டம் வந்தது. பரீட்சை கிடையாது. பரீட்சை வைத்தால் டியூஷன் போகிற பிள்ளைகள்தான் ஜெயிக்கிறார்கள் என்று யாரோ நல்லவர் ஒருவர் யோசித்திருக்கிறார். அதற்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு பட்டை. மனசு புதிதாக ஒன்றைப் பிடிக்கிற கணத்தில் உடம்பில் எழும் மெல்லிய துள்ளலை அது பதிந்துகொள்ளும். கோடை முழுவதும் பட்டை கையை விட்டு இறங்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஒரு பிளாக்குக்கு ஒரு பிள்ளை. ஜெயிக்கும் பிள்ளையை விடுதிப் பள்ளிக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைப்பார்கள். எம் பிளாக்குக்கு அபிநயா; வயது பதின்மூன்று.

இறங்காமல் எப்படி இருக்கும்? தண்ணீர் லாரி வந்தால் அபிதான் குடம் தூக்க வேண்டும். பட்டை குடத்தில் இடித்தது. "ஒடைஞ்சா அவ்ளோதான்" என்று அம்மா மிரட்டினாள். அபி அதற்கு எம் பிளாக்கின் வழியைக் கண்டுபிடித்தாள். இங்கே லாரிக்கு யாரும் கால்கடுக்க நிற்பதில்லை, குடம் நிற்கும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போனால் பின்னால் இருப்பவர் தன் குடத்தோடு சேர்த்து அதையும் நகர்த்திக்கொண்டே வருவார். யாரும் முந்த மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். இடம் காலியாகாமல் இருந்தால் போதும். பட்டையையும் அபி அப்படித்தான் நினைத்தாள். தண்ணீர் தூக்கும்போது கூடப் படிக்கும் டேனியல் கையில். பாத்திரம் தேய்க்கும்போது தோழி ஷபானா கையில். சமயத்தில் ஷபானாவின் தம்பி கையில். மதியத் தூக்கத்தில் அம்மா கையில்கூட.

சாயங்கால வகுப்பில் சுகந்தி கையில்.

"இது இருந்தா யாரோ முதுகுக்குப் பின்னாடி நின்னு பாக்கற மாதிரி கீதுக்கா. கணக்கே வரமாட்டேங்குது. கொஞ்ச நேரம் புடிங்க" என்று நீட்டினாள். சுகந்தியும் கட்டிக்கொண்டாள். அன்று முதல் கோடை முழுவதும் வகுப்பு நேரமெல்லாம் அது அவள் கையில்தான். அப்போது அவளுக்கு இருந்த பயமே வேறு: தன் மந்தமான மூளை அபியின் பதிவில் தினமும் ஒரு துண்டைக் கெடுத்துக்கொண்டிருக்கிறதே என்பது. அபிக்கு மாநிலத்திலேயே முதலிடம் என்று செய்தி வந்தபோது, தான் கெடுத்தது பெரிதாகத் தெரியவில்லை என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள். அந்த நிம்மதி, பட்டைப் பதிவை வைத்து அபிக்கென்றே 'துணை' என்று ஒரு மெஷின் செய்து வருகிறார்கள் என்று கேட்கும் வரைக்கும்தான்.

மேளம் அதிர்ந்தது. வேன் வந்துவிட்டது.

திட்டத்திலிருந்து வந்தவன் பெயர் நவநீதன். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் விழுந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். வகுப்பு நடக்கும் அங்கன்வாடி அறைக்குள் அவனை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அபி, கஸ்தூரி, ஆசிரியர் என்ற முறையில் சுகந்தி. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே டேனியல், ஷபானா, இன்னும் பாதி பிளாக்.

நவநீதன் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே கட்டை விரல் நகம் அளவுக்கு, தோல் நிறத்தில் ஒரு வில்லை.

"இதுதான் துணை. காதுக்குப் பின்னால ஒட்டுவோம். அபியோட பட்டைப் பதிவை வெச்சு அவளுக்குன்னே செஞ்சது. உலகத்துல இன்னொருத்தருக்கு இது பொருந்தாது. அவ மனசு எங்க தாவும், எங்க தயங்கும், எல்லாம் இதுக்குத் தெரியும். தாவறதுக்கு அரை நொடி முன்னாடி அந்த இடத்துல போய் நின்னு ஒரு கேள்வி கேக்கும். அவ்வளவுதான் இதோட வேலை."

"பேசுமா சார்?" என்றாள் கஸ்தூரி.

"குரலா கேக்காதும்மா. நாமளே யோசிச்ச மாதிரி இருக்கும்."

சுகந்தி தொண்டையைச் செருமினாள். "சார், தப்பா வேற யாருக்காவது வெச்சுட்டா?"

கஸ்தூரி அவளைப் பார்த்த பார்வையில் சுவர் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும்.

"அடுத்தவங்க கண்ணாடியப் போட்ட மாதிரி" என்றான் நவநீதன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கண்ணாடின்னா கழட்டி வெச்சுடலாம். இது ஒட்டினா நரம்போட சேர்ந்துக்கும், சில மாசத்துக்கு எடுக்க முடியாது. ஒருதடவை ரெண்டு பசங்களோட பெட்டி மாறிப்போச்சு. அதுல ஒரு பையன் இப்பவும் எந்த வாக்கியத்தையும் முடிக்கறதில்ல. பாதியில நிறுத்திட்டு வேற யாரோ முடிப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கான்." அவன் சட்டென்று சிரித்துச் சமாளித்தான். "அதனாலதான் இப்ப ஒட்டறதுக்கு முன்னாடி சும்மா பொருத்திப் பாக்கறோம். பயப்படாதீங்க டீச்சர்."

அபியை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னலை ஒதுக்கி, வில்லையைக் காதுக்குப் பின்னால் லேசாகப் பொருத்தினான். கையிலிருந்த மின்பலகையில் ஒரு பச்சைக் கோடு நெளிந்தது.

"எப்படி இருக்கு?"

"சூப்பரா கீது சார்" என்றாள் அபி.

சுகந்திக்கு அந்தக் குரல் தெரியும். வகுப்பில் அபிக்கு ஒன்று புரிந்துவிட்டால் சண்டைக்கு வருவாள். 'அது ஏன் அப்படி, இது ஏன் இப்படி' என்று உயிரை வாங்குவாள். புரியாதபோதுதான் 'சூப்பர்' என்பாள். இப்போது சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் செருப்பில்லாத அவளுடைய கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொள்வதுபோல் உள்ளே மடங்கியிருந்தன. மேலுதட்டில் வேர்வை.

"எதாவது வலி?"

"இல்ல சார். ஒட்டிடுங்க."

"கோடு கொஞ்சம் கலங்குது..." நவநீதன் பலகையைத் தட்டினான். "முதல்ல அப்படித்தான் இருக்கும். பதட்டமா இருப்பா." பெட்டியிலிருந்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து அதன் மூடியைக் கழற்றினான். "சின்னதா சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். தலைய ஆட்டாத."

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். கருவியின் முனை வில்லையைத் தொடப் போயிற்று. அபியின் இடது கண்ணிலிருந்து, அவள் சிரிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு சொட்டு நீர் இறங்கியது.

"வேணாம்! எடுங்க அதை!"

தன் குரல்தானா என்று சுகந்திக்கே சந்தேகமாக இருந்தது. நாலெட்டில் போய் நவநீதனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"பட்டை அவ கையில மட்டும் இல்ல சார். அஞ்சு பேர் கட்டினோம். இது அவளுக்குச் செஞ்சது இல்ல."

கஸ்தூரி எழுந்து வந்து சுகந்தியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "பாவி! எம் பொண்ணு நல்லா இருந்தா உனக்கு வயிறு எரியுதா?"

"அம்மா, ஒக்காரு" என்றாள் அபி. வில்லையைத் தானே பிய்த்துப் பெட்டிக்குள் போட்டாள். சுகந்தியைப் பார்க்கவில்லை. "உங்கள யாருக்கா கேட்டா? நான் தாங்கிக்கிட்டிருப்பேன்."

நவநீதன் வெளுத்துப்போய் நின்றான். "பதிவுல ஏமாத்தினா பிளாக்கையே திட்டத்துல இருந்து எடுத்துடுவாங்க, தெரியுமா?"

"ஏமாத்து இன்னா சார் ஏமாத்து?" கஸ்தூரி இப்போது அவன் பக்கம் திரும்பினாள். "கழட்டக் கூடாதுன்னீங்க. கை காலியா உடாம எடம் புடிச்சோம். அதுக்குப் பேரு ஏமாத்தா?"

அவன் உட்கார்ந்து, மின்பலகையை மடியில் வைத்துக் கோடைப் பதிவை விரித்தான். "இதைச் செஞ்சவங்க யாரும் அடுத்தவங்க பட்டையைக் கட்டினதே இல்ல போலிருக்கு" என்று தனக்குள் முணுமுணுத்தான். "எந்த நேரம் யார்கிட்ட இருந்தது? பொய் சொல்லாம சொல்லுங்க."

ஜன்னலிலிருந்து பதில்கள் பறந்து வந்தன. லாரி நேரம் நான்தான் சார். பாத்திர நேரம் நான். ஷபானா தம்பி ஒருநாள் கட்டிக்கினே கிணத்துல குதிச்சிட்டான் சார். டேய், நீ சும்மா இரு.

நவநீதன் ஒவ்வொரு துண்டாகப் பிரித்தான். "இது அபி மட்டும் இருந்த நேரம். நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு. இவ தனியா கட்டியிருந்தாலே ஒருவேளை பட்டியல்ல வந்திருப்பா. ஆனா துண்டுதுண்டா இருக்கறதால கணக்குல எடுக்க முடியாது." அவன் விரல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "சாயங்காலம்? ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் யாரு?"

ஜன்னலில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார்" என்றாள் சுகந்தி. "மன்னிச்சிடுங்க. வகுப்பு எடுக்கற நேரம். அந்தத் துண்டு முழுக்கக் கெட்டுப்போயிருக்கும்னு எனக்குத் தெரியும்."

நவநீதன் பலகையை அவள் பக்கம் திருப்பினான். வெட்டவெளிபோல் நீண்டு கிடந்த கோட்டில் மாலைதோறும் ஒரு மலை எழுந்திருந்தது. அபியின் மேடுகள் அதன் அடிவாரத்தில் இருந்தன.

"மாநில முதலிடம் இதுதான்" என்றான். "மெஷின் இதை மட்டும்தான் மூளைன்னு எடுத்துக்கிச்சு. மத்ததெல்லாம் களைப்பு, விளையாட்டு, தூக்கம்னு ஒதுக்கிடுச்சு. துணையும் இதுக்குத்தான் செஞ்சிருக்கு."

சுகந்தி மறுத்துத் தலையசைத்தாள். "தப்பா இருக்கும் சார். திரும்பப் போட்டுப் பாருங்க."

"போட்டுப் பாக்க ஒரே வழிதான் இருக்கு. அறிக்கைக்கும் வேணும்." அவன் பெட்டியை அவளிடம் நீட்டினான். "ஒட்ட மாட்டேன். சும்மா பொருத்தறதுதான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் ஈரத் துணியின் நுனி பட்டதுபோல் ஒரு குளிர்ச்சி. வேறொன்றும் இல்லை. குரல் இல்லை, வெளிச்சம் இல்லை. எதிரே கரும்பலகையில் முந்தாநாள் அழிக்காமல் விட்ட எண்கள் இருந்தன. வகுப்பில் தண்ணீர் கேன் மூடிகளை அடுக்கிக் காட்டிய கணக்கு அது. ஒன்று. மூன்றும் ஐந்தும் எட்டு. ஏழும் ஒன்பதும் பதினொன்றும் இருபத்தேழு. ஒற்றைப்படை எண்களை இப்படி ஒன்றாக, இரண்டாக, மூன்றாக எடுத்துக் கூட்டிக்கொண்டே போனால் 1×1×1, 2×2×2, 3×3×3 என்று கன எண்கள் வரிசையாக வருகின்றன. இதை அவளே கண்டுபிடித்திருந்தாள். எங்காவது புத்தகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் தப்பாக இருக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஏன் வருகின்றன என்று மட்டும் தெரியவில்லை.

அப்போது அவளுக்குள் ஒரு கேள்வி வந்து நின்றது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுடைய யோசனையின் குரலிலேயே இருந்தது. ஆனால் அவளுடைய யோசனை எப்போதும் 'இது தப்போ' என்றுதான் ஆரம்பிக்கும். இது அப்படி ஆரம்பிக்கவில்லை.

நடுவில் யார்?

மூன்று, ஐந்து. நடுவில் யாரும் இல்லை. யாரும் இல்லையா? நான்கு நின்றிருக்க வேண்டிய இடம் இருக்கிறது. ஏழு, ஒன்பது, பதினொன்று, நடுவில் ஒன்பது. அடுத்த வரிசை பதின்மூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது. நடுவில் பதினாறின் காலி இடம். நான்கு, ஒன்பது, பதினாறு: இரண்டு எண் நிற்கும் வரிசையில் ஈரிரண்டு, மூன்று நின்றால் மும்மூன்று, நான்கு நின்றால் நந்நான்கு. அவள் எழுந்துகொண்டதோ சாக்பீஸ் எடுத்ததோ அவளுக்கே தெரியாது. கரும்பலகையில் அவள் கை ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கேள்வி வரப்போகிறது என்பது, படியில் யாரோ ஏறி வரும் காலடி ஓசைபோலக் கேட்டது. தன்னை இத்தனை நாள் தெரிந்த ஒருவர் வருகிறார் என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நவநீதன் வில்லையை எடுத்தான்.

காலடி ஓசை நின்றுவிட்டது. சுகந்தி தன்னை அறியாமல் காதுக்குப் பின்னால் கையை வைத்துத் துழாவினாள்.

"கோடு கலங்கவே இல்ல" என்றான் அவன். பெட்டியை மூடினான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. "உங்க வயசு?"

"இருபத்திநாலு."

"பதினாலுக்கு மேல எடுக்கறதில்ல."

"தெரியும் சார்."

"இதைத் திருப்பி ஒப்படைக்கணும். அழிச்சிடுவாங்க." வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தான். "பட்டை பழுதுன்னு எழுதிடறேன். பிளாக்குக்கு எதுவும் வராது. அடுத்த கோடையில அபி திரும்பக் கட்டலாம். ஆனா பட்டை இனிமே கழட்ட முடியாதபடி பூட்டோட வரும்."

வேன் கிளம்பியபோது மேளக்காரர்கள் நிலவரம் தெரியாமல் இன்னொருமுறை அடித்தார்கள். கஸ்தூரி போட்ட சத்தத்தில் நிறுத்தினார்கள்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பில் பாதிப்பேர் இல்லை. பேனரைக் கழற்றிய யாரோ அதை மழைக்கு மறைப்பாகப் படிக்கட்டு ஜன்னலில் கட்டியிருந்தார்கள். அபியின் பாதி முகம் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. அன்று தண்ணீர் லாரி தாமதம். வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. அபி தன் குடத்தோடு வந்தவள் அங்கன்வாடி வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

சுகந்தி அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. காலையிலிருந்து, தான் செய்தது சரியா என்று மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போட்டுப் பார்த்துவிட்டாள்; ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கத் தொடங்கினாள். ஒரு வரிசை மூன்று, ஒரு வரிசை ஐந்து.

"இதுல நடுவுல யாரு?" என்று எதிரே இருந்த ஷபானாவிடம் கேட்டாள்.

"யாரும் இல்லியேக்கா."

"நாலு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

சுகந்தி நிமிரவில்லை. "நாலுதான் வரிசையிலேயே இல்லையே."

"இல்லாட்டி இன்னா? எடம் கீதுல்ல." அபி குடத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அது உங்களக் கேட்டது இதுதானா?"

"ஆமா."

"என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. வலிச்சுது, அவ்ளோதான்." பிறகு, கோபம் இன்னும் முழுதாக இறங்காத குரலில், "அடுத்தது இன்னா கேட்டுச்சு?"

"தெரியலடீ. அதுக்குள்ள எடுத்துட்டாங்க."

அபி மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. அவள் வெளியே திரும்பி, கையிலிருந்த குடத்தை வரிசையில் வைத்தாள்.

"டேய் டேனி, எங் குடத்தையும் நகத்திக்கினே இரு!"

உள்ளே வந்து, சுகந்திக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ அது இன்னா கேட்டிருக்கும்னு பாப்போம்" என்று மூடிக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.